வழுக்கியதா, தடுக்கியதா, கண் இருட்டியதா? இலங்கை மலையகத்தில் வயதானவர்கள் விழாமலிருக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பாயி மூன்று தரம் விழுந்த பிறகுதான் வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது. முதல் இரண்டையும் அவர் சொல்லவே இல்லை. மூன்றாம் முறை மணிக்கட்டு வீங்கிவிட்டதால் மறைக்க முடியவில்லை. "ஒன்னுமில்ல புள்ள, கான் கரையில சும்மா வழுக்கிருச்சு" என்றார். நாங்களும் நம்பி, கான் (வடிகால்) ஓரத்துப் பாசியைச் சுரண்டி எடுத்தோம். அடுத்த மாதமே வீட்டுக்குள், காய்ந்த சீமெந்துத் தரையில் விழுந்தார். அங்கே வழுக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோதுதான் வேறு கதை வந்தது: "அடுப்படியில குந்தியிருந்து எந்திரிச்சேன், கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு." கான் கரையிலும் அதுதான் நடந்திருக்கிறது. பழி மட்டும் பாசிமேல் போயிற்று.

"வயசாச்சு, விழத்தான் செய்வாங்க" என்ற பேச்சு லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கேட்கும். அது பாதிதான் உண்மை. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலகம் முழுக்க ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விபத்துச் சாவுகளில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் ஒவ்வொரு விழுகைக்கும் காரணம் இருக்கிறது, பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்து இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலே ஆள் நிற்கக்கூடும்.

படி 1: கேட்கிற விதத்தில் கேளுங்கள்

"விழுந்தீங்களா?" என்று நேரே கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். தெரிந்தால் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகவிடமாட்டார்கள், டவுனுக்குத் தனியே அனுப்பமாட்டார்கள், கொழும்பில் இருக்கும் மகனுக்குப் போன் போகும் என்ற பயம். அதனால் சுற்றி வாருங்கள். "கடைசியா எப்ப கால் தவறுச்சு?" "கானத் தாண்டும்போது செவுத்தப் புடிக்கிறீங்களா?" "மழை நாள்ல பீலிக்குப் (தண்ணீர் பிடிக்கும் இடம்) போகப் பயமா இருக்கா?" ஒரு வருடத்துக்குள் விழுந்தது, நடக்கும்போது தள்ளாடுவது, விழுந்துவிடுவோமோ என்ற பயம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கீழேயுள்ள படிகளுக்குப் போங்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை விழுந்திருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ முதலில் வைத்தியரிடம் போங்கள்.

பிறகு, அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். நம் ஆட்கள் விழுந்ததைச் சொல்லும் சொல்லிலேயே பாதி நோயறிதல் இருக்கிறது.

"வழுக்கிருச்சு" என்றால் தரையையும் செருப்பையும் பாருங்கள். "தடுக்கிருச்சு" என்றால் கண், வெளிச்சம், வாசற்படி, காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கும் பழக்கம். "கால் மடங்கிருச்சு", "முட்டி வெலகிருச்சு" என்றால் தொடைத் தசையும் மூட்டும். "கண்ண இருட்டிருச்சு" என்றால் இரத்த அழுத்தம், மாத்திரை, சீனி (நீரிழிவு), இரத்தச்சோகை. "எப்படி விழுந்தேன்னே தெரியல" என்பது இவை எல்லாவற்றையும்விட மோசமான பதில். நினைவு தப்பி விழுந்திருக்கலாம், இதயத் துடிப்பில் கோளாறு இருக்கலாம். அந்தப் பதிலைக் கேட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி (இதயத் துடிப்புப் பதிவு) எடுக்க வேண்டும்.

ஆனால் எங்கள் அப்பாயி கதையில் பார்த்ததுபோல், முதலில் வரும் சொல் கௌரவத்துக்காகச் சொல்வதாக இருக்கலாம். வழுக்கியது என்று சொல்வதில் வெட்கமில்லை, தலை சுற்றியது என்றால் நோயாளி ஆகிவிடுவார். எனவே விழுவதற்கு முந்திய நிமிடத்தைக் கேளுங்கள். உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா, எதையாவது தூக்கினாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்?

படி 2: ராத்திரி வழியை நீங்களே நடந்து பாருங்கள்

இதைப் பகலில் செய்து பயனில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, லைட் போடாமல், அவர் படுக்கும் இடத்திலிருந்து கக்கூசுவரை அவர் வேகத்திலேயே நடங்கள். முடிந்தால் மழை பெய்த இரவாக இருக்கட்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயத்துக் காம்பரா (அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். அதற்குள் கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பாய், பள்ளிக்கூடப் பை. கிழவி சுவரோரம் படுத்திருந்தால் நான்கு பேரின் காலைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். பிறகு வாசற்படி, இஸ்தோப்பு (முன்திண்ணை), அதன் கீழே ஒரு படி, கான், கானுக்கு மேலே ஆடும் பலகை, அதற்கப்பால் கக்கூஸ். பல இடங்களில் இன்றும் கக்கூஸ் லயத்துக்குப் பின்னாலோ ஓரத்திலோ தள்ளித்தான் இருக்கிறது. குளிருக்குப் போர்த்திய கம்பளியின் நுனி காலில் இழுபட, ஒரு கையில் டோர்ச், மறு கையில் வாளி. பிடித்துக்கொள்ளக் கை ஏது?

நடந்து பார்த்தபின் செய்ய வேண்டியவை தாமாகவே தெரியும். அவர் படுக்கையைக் கதவுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். காசில்லாமல் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வாளியைக் கக்கூசிலேயே நிரப்பி வைத்தால் ஒரு கை விடுபடும். டோர்ச்சைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டால் மறு கையும் விடுபடும். கம்பளிக்குப் பதில் ஸ்வெட்டர். சாரமும் சேலையும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். கான்மேல் இருக்கும் பலகையை எடுத்துவிட்டு அகலமான சீமெந்துப் பலகை போடுங்கள். வாசற்படி ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள், மங்கிய கண்ணுக்கும் தெரியும்.

கைபிடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய லயத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிய கைபிடி ஆபத்து. கல்லும் சுண்ணாம்புமாக இருக்கும் சுவர் பாரம் தாங்காது, பிடித்த ஆளோடு பெயர்ந்து வரும். ஜி.ஐ. பைப்பை நிலத்தில் குழி தோண்டி, கொங்கிரீட் போட்டு நட்டுவிடுங்கள். கக்கூஸ் வழியில் ஒன்று, கக்கூசுக்குள் எழும்பும் இடத்தில் ஒன்று. குந்தி எழும்ப முடியாதவர்களுக்கு நடுவில் ஓட்டை வெட்டிய உறுதியான பிளாஸ்டிக் கதிரையைக் குழிமேல் வைப்பது பல வீடுகளில் பார்த்த வழி. கால்கள் வழுக்காதபடி அடியில் ரப்பர் வைத்தால் அது நன்றாகவே உதவும். ராத்திரி நேரத்துக்கு மூடியுள்ள வாளி ஒன்றைக் கட்டிலருகே வைப்பதில் எந்த அவமானமும் இல்லை. அதை அவரிடம் மருமகளைவிடப் பேத்தி சொன்னால் எடுபடும்.

படி 3: எழுந்தவுடன் பிரஷர், பிறகு மாத்திரைப் பை

"கண்ண இருட்டிருச்சு" என்றவருக்கான படி இது. தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ பிரஷர் பார்க்கும்போது உட்காரவைத்து ஒரு தடவைதான் பார்ப்பார்கள். அது போதாது. "படுக்க வச்சும் நிக்க வச்சும் பாருங்க டொக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழும்போது பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். எங்கள் அப்பாயிக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது மாத்திரைப் பை. கிளினிக் மாத்திரை, டவுன் பாமசியில் வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, போன வருடத்து மிச்சம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் பிராசோசின் எழும்போது தலைசுற்ற வைக்கும். நீர் மாத்திரை ஃப்ரூஸமைட்டைப் பின்னேரம் போட்டால் ராத்திரி முழுக்கக் கக்கூசுக்கு நடக்க வேண்டிவரும். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். தூக்கத்துக்கு டயஸபாம், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், தடிமனுக்கும் அரிப்புக்கும் குளோர்ஃபெனிரமைன் ஆகிய மூன்றும் வயதானவர்களைத் தள்ளாட வைக்கும். கடைசியாகச் சொன்னதைச் சளி பிடிக்கும்போதெல்லாம் கடையில் கேட்டு வாங்குவது நம் பழக்கம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாகத் தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வேறு பிரச்சினை வரும்.

சீனி உள்ளவர்களுக்குக் கிளினிக் நாள்தான் ஆபத்தான நாள். இரத்தம் எடுக்க வேண்டுமென்று வெறும் வயிற்றில் விடியற்காலை பஸ் ஏறுவார்கள், பழக்கத்தில் கிளிபென்கிளமைட்டையோ கிளிக்லசைட்டையோ போட்டுவிடுவார்கள். பத்து மணிக்கு வரிசையில் நிற்கும்போது சீனி இறங்கி விழுவார்கள். இரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு மாத்திரை போடலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மடியில் இரண்டு டொபியும் ஒரு பனிஸும் இருக்கட்டும்.

எழும்பும் முறையையும் பழக்குங்கள். படுக்கையிலேயே பாதத்தைப் பத்துத் தரம் மேலும் கீழும் அசைத்து, உட்கார்ந்து ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு எதையாவது பிடித்து நிற்பது. ராத்திரி குளிரில் தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வருமென்று பல கிழவிகள் நாளெல்லாம் இரண்டு கோப்பை சாயத்தண்ணியோடு (பால் சேர்க்காத தேநீர்) ஓட்டுகிறார்கள். அதுவும் பிரஷரை இறக்கும். பகலில் குடிக்கட்டும், பொழுது சாய்ந்தபின் குறைக்கட்டும். இதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இரத்தச்சோகையை மறக்காதீர்கள். பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலைப் பதிவு) போன காலம் முழுக்க ரொட்டியும் சம்பலும் தேயிலைத் தண்ணியுமாக ஓடிய பெண்களுக்கு இரத்தம் குறைந்திருப்பது சாதாரணம். இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்க வேண்டும். தேயிலை பறித்தே வாழ்ந்தவர்களிடம் இதைச் சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

படி 4: மலையேறிய காலைச் சோதியுங்கள்

"நாப்பது வருசம் மலை ஏறி எறங்கின காலு, இதுக்கு என்னா பயிற்சி?" என்று கேட்பார்கள். நாற்பது வருடம் ஏறியது உண்மை. ஓய்வுபெற்றுப் பெயர் வெட்டிய பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்த ஐந்து வருடத்தில் அந்தத் தசை கரைந்துவிட்டதும் உண்மை. முதுகில் கொழுந்துப் பாரம் சுமந்து முட்டி தேய்ந்திருக்கும். முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்திருந்தால் உடம்பின் பாரம் முன்னால் சாயும், சின்னத் தடுக்கலுக்கும் குப்புற விழுவார்கள்.

முதல் சோதனைக்குக் காம்பராவே அளவாக இருக்கிறது. பன்னிரண்டு அடிச் சுவரோரம் கதிரையைப் போட்டால் மிஞ்சுவது பத்தடி, அதாவது மூன்று மீற்றர். கதிரையிலிருந்து எழுந்து, வழக்கமான நடையில் மறுசுவர்வரை போய், திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். போனில் நேரம் பாருங்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழும் ஆபத்து அதிகம்.

இரண்டாவது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தரம் எழுந்து உட்கார முடிகிறது என்பது. 70 முதல் 74 வயதுவரை உள்ள ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10 வரவேண்டும். 80 முதல் 84 வரை ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. கையை ஊன்றாமல் ஒரு தரம்கூட எழ முடியாவிட்டால் கணக்கு பூச்சியம்தான். இரண்டு சோதனையிலும் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சோதனையே மருந்தாகவும் ஆகும். கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, பத்துத் தரம் எழுந்து உட்காருவது. மேசையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது. ஒரு பாதத்தின் பெருவிரலோடு மறு பாதத்தின் குதிகாலை ஒட்டி, கோடு போட்டதுபோல் 10 செக்கன் நிற்பது. சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடப்பது. கிழமைக்கு மூன்று நாளாவது, நிறுத்தாமல். சமநிலையும் கால் பலமும் தரும் பயிற்சிகள் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சும்மா நடப்பது மட்டும் இதற்கு ஈடாகாது. பின்னேரம் லயத்து வாசலில் நான்கு பாட்டிமார் கூடிக் கதைக்கும் நேரத்தில் செய்யவைத்தால் நடக்கும். தனியே செய்யச் சொன்னால் மூன்றாம் நாள் நின்றுவிடும்.

தசைக்குச் சோறு மட்டும் போதாது. நெத்தலியை முள்ளோடு, முட்டை, கடலை, பருப்பு. பனி மூட்டம் விலகும் நாளில் முற்பகல் வெயிலில் கொஞ்ச நேரம்.

படி 5: கண்ணும் பாதமும்

"தடுக்கிருச்சு" என்றவரை முதலில் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள். விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வரும். சத்திரசிகிச்சை செய்தபின் விழுவது குறைகிறது, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்குச் சத்திரசிகிச்சைக் கட்டணமும் இல்லை. கீழ்ப்பாதி வாசிக்கவும் மேல்பாதி தூரத்துக்குமாக இருக்கும் கண்ணாடியோடு படி இறங்கினால் படி இருக்குமிடம் தவறாகத் தெரியும். படியிலும் சரிவிலும் தலையை நன்றாகக் குனிந்து பார்க்கப் பழக்குங்கள்.

சீனி உள்ளவரின் பாதத்தில், கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியாவிட்டால் கால் நிலத்தை உணரவில்லை. அவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அடி தேய்ந்து வழவழத்த ரப்பர் செருப்பு வெறுங்காலைவிட மோசம். பின்பட்டி உள்ள, அடியில் கோடு பதிந்த செருப்பு வாங்குங்கள். தீபாவளிக்குச் சேலை எடுக்கும் பிள்ளைகள் ஒரு வருடம் செருப்பு எடுத்துக் கொடுத்தால் என்ன?

படி 6: சரிவும் மழையும்

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை மழை, பதுளை, பசறைப் பக்கம் கார்த்திகை முதல் தை வரை. அந்த மாதங்களில் குறுக்குப் பாதையை விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றிப் போகட்டும். தாமதமானால் தாமதமாகட்டும்.

நம் ஊரில் ஊன்றுகோல் என்றால் கொய்யாக் கம்பு. அது நல்லதுதான், உயரம்தான் பிழையாக இருக்கும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரம்தான் கைபிடியின் உயரம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். நுனிக்கு ரப்பர் குமிழ் மாட்டுங்கள், பாமசியில் கிடைக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

சம்பள நாளில் டவுனுக்குப் போய்ப் போத்தலோடு திரும்பும் தாத்தாமாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடிக்காதே என்றால் கேட்கமாட்டார், இருட்டுமுன் வீடு வரச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ போடுபவர் என்றால் அந்தப் பேரமும் கூடாது.

இன்னொன்று. விழுந்துவிடுவார் என்று பயந்து ஆளை மூலையில் உட்காரவைப்பது பெரிய பிழை. உட்கார்ந்தால் தசை போகும், தசை போனால் எழும்போதே விழுவார்.

படி 7: விழுந்துவிட்டால்

லயத்தில் சத்தம் கேட்டால் நான்கு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். அன்பு அது, ஆனால் வேண்டாம். முதலில் அப்படியே கிடக்கவிட்டுப் பேசுங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறதா, கை கால் அசைகிறதா, தலையில் அடிபட்டதா? ஒன்றுமில்லை என்றால் அவராகவே எழட்டும்: பக்கவாட்டில் புரண்டு, முட்டி போட்டுத் தவழ்ந்து, கதிரையைப் பிடித்து, பலமான காலை முன்னால் ஊன்றி. இதை விழாத நாளில் ஒரு தரம் பழக்கி வைத்தால், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் மணிக்கணக்காகக் குளிரில் கிடக்க வேண்டிவராது.

ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, தூக்க முடியாமல் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு வழிப்பது, முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பத்துப் போடுவது எதுவும் கூடாது. ஓரிரு நாளுக்குள் சத்திரசிகிச்சை நடந்தால் மறுபடி நடக்கலாம். பிந்தினால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் காய்ச்சலும் வந்துவிடும். சத்திரசிகிச்சை நடக்கலாம் என்பதால் சாயத்தண்ணிகூடக் கொடுக்காதீர்கள். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, துணியால் சேர்த்துக் கட்டி, கம்பளியால் மூடி, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் சொல்லி, லயம்வரை ரோடு இல்லையென்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தையோ கோயில் சந்தியையோ அடையாளம் சொல்லி, ஒரு பையனை அங்கே டோர்ச்சோடு நிறுத்துங்கள். அதுவரை தூக்கிப்போக வேண்டுமென்றால் கம்பளியில் மடித்துத் தூக்காமல் பலகையிலோ கழற்றிய கதவிலோ வைத்துத் தூக்குங்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று எங்கே கொண்டுபோனாலும், அங்கிருந்து கண்டிக்கு மாற்றக்கூடும். மாற்று உடுப்பு, மாத்திரைப் பை, கிளினிக் கொப்பி மூன்றும் கூடவே போகட்டும்.

தலையில் அடிபட்டவர் வாபரின் போன்ற இரத்தம் உறையாத மருந்து போடுபவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கும் மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கசிந்து இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு தெரியவரலாம். தலைவலி, தூங்கி வழிதல், பேச்சு மாறுதல், ஒரு பக்கம் இழுத்து நடப்பது ஆகியவற்றைக் கண்டால் "அன்னிக்கு விழுந்ததுக்கும் இதுக்கும் என்னா" என்று விட்டுவிடாதீர்கள். விழுந்த திகதியையும், அவர் சொன்ன அந்தச் சொல்லையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அன்றே எழுதிவிடுங்கள். எங்கள் அப்பாயியின் கொப்பியில் இப்போது ஐந்து வரி இருக்கிறது. கடைசி வரிக்கு ஒன்றரை வருடமாகிறது.